அம்மை கண்ட நகரில் தங்கியவர்: புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டும் என்று செயற்குழுவில் முடிவானபோது பல பெயர்கள் பேசப்பட்டன. பெண் கல்விக்காக உழைத்த அம்மையார்கள் பலர் எம் நாட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். எனினும் இம்முறை நாம் தெரிவு செய்தது 1711ஆம் ஆண்டு கண்டியில் காலமான யோசப் வாஸ் அடிகளாரை. அவர் பெண்கள் பாடசாலை எதையும் நிறுவியவரல்லர். கித்துல்கலத் தோட்டங்களில் எம் முன்னோர் குடியேறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே மறைந்துவிட்டவர். ஆயினும் அவரைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு.

எமது வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். சைவப் பிள்ளைகளே அதிகம். கத்தோலிக்கரும் அங்கிலிக்கன் சபையாரும் சிலர். முஸ்லிம் தோழிகளும் இருந்தார்கள். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் சிங்களக் கிராமம், பன்சலை. வெசாக் கூடு பார்க்க எல்லோரும் போனோம், மாரியம்மன் தேர் பார்க்க எல்லோரும் நின்றோம், நத்தார் கேக் எல்லோர் வீட்டுக்கும் போனது. இவ்வளவு நெருக்கமாக இருந்தும் ஒரு கேள்வியை நாம் ஒருவரிடம் ஒருவர் கேட்டதில்லை. தன் விசுவாசம் தனக்கு உயிர் என்று நினைக்கும் கிறிஸ்தவப் பிள்ளை, அதைத் தன் சைவத் தோழியுடன் எவ்வாறு பகிர்வது? பகிர வரும்போது, என்னை மாற்றவா வருகிறாள் என்ற ஐயம் அத்தோழிக்கு எழாதிருக்குமா? இந்தக் கேள்வியை வாழ்ந்து பார்த்தவர் என்பதனாலேயே யோசப் வாஸ் அடிகளாரின் கதையை இங்கு சொல்கிறோம்.

பிறப்பும் இளமையும்

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி கோவாவில் பெனாலிம் என்னும் ஊரில், தாயாரின் இல்லத்தில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்கோல். குடும்பம் பிராமண வழியில் வந்த கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் கொங்கணி பேசினார். பள்ளியில் போர்த்துக்கேயமும் லத்தீனும் கற்றார். 1676இல் குருவானவராகத் திருநிலை பெற்றார். அதன்பின் காலணி அணிவதை விட்டு, ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, மரியன்னைக்குத் தன்னை அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதி ஒப்பமிட்டார்.

1681 முதல் மூன்று ஆண்டுகள் கன்னடக் கரையோரத்தில் பணி செய்தார். பின்னர் கோவாவுக்குத் திரும்பி, அந்நாட்டுக் குருமார் சிலர் சேர்ந்து வாழ்ந்த சிறு குழுவில் இணைந்தார். அக்குழு ஒரற்றோரியன் சபையாக வளர்ந்தது. அவரே அதன் தலைவரானார். ஆனால் அவரது மனம் இலங்கையிலேயே இருந்தது.

அப்போது இலங்கையின் நிலை

கரையோரத்தை முதலில் ஆண்ட போர்த்துக்கேயர் கத்தோலிக்க சமயத்தைப் படையோடு கொண்டுவந்தவர்கள். அவர்கள் கோயில்களையும் விகாரைகளையும் இடித்த வரலாற்றை நாம் பாடப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையும் தடை செய்தார்கள். உத்தியோகம் வேண்டுமானால் அவர்களது சபையில் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்ற நிலையும் வந்தது. பதவிக்காகப் பெயரளவில் சேர்ந்தவர்கள் பலர்.

ஆக, இந்நாட்டவர் கிறிஸ்தவ சமயத்தை இரு முகங்களில் கண்டிருந்தார்கள். ஒரு கையில் வாள் இருந்தது, மறு கையில் உத்தியோகம் இருந்தது. அச்சமயத்தைப் பற்றி அஞ்சவும் சந்தேகிக்கவும் அவர்களுக்குப் போதிய காரணம் இருந்தது. வாஸ் அடிகளார் வந்து இறங்கியது இப்படிப்பட்ட நாட்டில்.

கூலியாளின் கோலத்தில்

1687ஆம் ஆண்டு, தனக்கு 36 வயதளவில், யோவான் என்ற துணைவர் ஒருவருடன் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறினார். குருவானவரின் அங்கி இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, வெறுங்கால், கூலியாளின் கோலம். எம் பாட்டன் பாட்டிமார் பிழைப்புத் தேடித் தாண்டி வந்த அதே கடலை, அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னர், அவர்களைப் போன்ற கோலத்திலேயே அவர் தாண்டி வந்தார் என்பது எம் மனதைத் தொடுகிறது.

பயணம் கொடியது. யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அவரும் யோவானும் வயிற்றோட்டத்தால் மிகவும் நலிந்திருந்தார்கள். தொற்றுக்கு அஞ்சி மற்றவர்கள் விலகியிருக்க, ஒரு பெண்மணி மட்டும் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாக அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அந்தப் பெண்மணி யார் என்று வரலாறு சொல்லவில்லை. இந்நாட்டில் அவர் அன்பு செய்வதற்கு முன் அன்பைப் பெற்றுக்கொண்டார் என்பதை மட்டும் நாம் மனதில் வைத்துக்கொள்வோம்.

உடல் தேறியதும் கழுத்தில் பெரிய செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ அவர்கள் கத்தோலிக்கர் என்று அறிந்துகொள்வது அவரது வழி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவானவரைக் காணாத மக்கள் அவர்கள். சில்லாலைக் கிராமம் அவரது இருப்பிடமாயிற்று. இரவில் திருப்பலி, பகலில் மறைவு. தமிழில் பேசினார், தமிழில் செபித்தார்.

1689 நத்தார் காலத்தில் ஒல்லாந்த அதிகாரிகள் கத்தோலிக்கரைத் தேடிப் பிடித்தார்கள். பலர் சிறைப்பட்டனர், சிலர் சாட்டையடி பட்டனர். அடிகளார் தப்பினார். 1690இல் கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குச் சென்று, அங்கு பணி செய்தார்.

கண்டிச் சிறையில்

அக்காலத்தில் எம் சப்ரகமுவ மலைகளும் கண்டி இராச்சியத்தைச் சேர்ந்தவையே. கித்துல்கலயைத் தாண்டி ஓடும் எமது களனி கங்கை அரசனின் நாட்டில் பிறந்து, ஒல்லாந்தரின் கொழும்பருகே கடலில் கலந்தது. ஒரே ஆற்றின் மேல்பாதி ஓர் ஆட்சி, கீழ்பாதி வேறோர் ஆட்சி. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்பவன் ஒற்றனாக இருக்கக்கூடும் என்ற ஐயம் அன்று எவருக்கும் எழும்.

1692இல் அடிகளார் கண்டியை அடைந்தபோது நடந்ததும் அதுவே. அங்கு வாழ்ந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து பிரபு ஒருவர், வந்திருப்பவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று அரசனிடம் சொன்னார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரையும் அவருடன் வந்தவர்களையும் சிறையிலிட்டான்.

சிறையில் அடிகளார் முறையீடு எழுதிக்கொண்டிருக்கவில்லை. சிங்களம் கற்றார். அவரது அமைதியையும் ஒழுங்கையும் கண்ட காவலர்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தார்கள். சிறு குடிசை ஒன்றை அமைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கவும் வழி கிடைத்தது. கண்டியில் வாழ்ந்த கத்தோலிக்கர் அங்கு வரத் தொடங்கினார்கள்.

பின்னர் ஒரு கடும் வறட்சி வந்தது. மழை வேண்டி எல்லா வழிபாடுகளும் நடந்த பின், இவரிடமும் கேட்டார்கள் என்றும், முற்றத்தில் சிலுவையை நாட்டி அவர் செபித்தபோது மழை பொழிந்தது என்றும் கத்தோலிக்க மரபு சொல்லுகிறது. அதன்பின் மன்னன் அவருக்கு விடுதலையும் நாட்டில் எங்கும் சென்று பணிபுரியும் அனுமதியும் வழங்கினான். மழைக்கதையை நம்புவோரும் நம்பாதோரும் எம்மிடையே இருக்கலாம். ஆனால் அடுத்துச் சொல்லப்போவதை நம்புவதற்கு எந்தச் சமயமும் தேவையில்லை.

அம்மை வந்த ஆண்டு

1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அந்நோய் எத்தகையது என்பதை எமது தலைமுறைக்கு விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் 1980இல் உலகிலிருந்தே அது ஒழிக்கப்பட்டுவிட்டது. அம்மைப்பால் குத்தும் முறையை இங்கிலாந்தில் ஜென்னர் கண்டறிந்தது 1796இல். கண்டியில் அம்மை வந்ததற்கு 99 ஆண்டுகள் பிந்தி. மருந்தில்லாத நோய். உடலெங்கும் கொப்புளம், கடும் காய்ச்சல், வாயிலும் தொண்டையிலும் புண், தண்ணீர் விழுங்க முடியாத வேதனை. நோய் கொன்றவர்கள் போக, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் இறந்தவர்களும் அனேகர்.

மன்னன் நகரை விட்டு வெளியேறினான். மக்களும் ஓடினார்கள். நோயாளர் வீடுகளிலும் காட்டோரங்களிலும் கைவிடப்பட்டார்கள். இதை வாசித்து கண்டி மக்களை நாம் குறை கூற வேண்டியதில்லை. பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். எம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக மலைநாட்டுக்கு நடந்து வந்தபோதும், காய்ச்சலும் வாந்திபேதியும் கண்டவர்கள் வழியோரத்தில் விடப்பட்டார்கள். கொரோனாக் காலத்தில் ஒரு லயத்தில் ஒருவருக்கு நோய் என்றால் அடுத்த லயத்துக்காரர் எவ்வளவு தூரம் விலகி நின்றோம் என்பதும் எமக்குத் தெரியும்.

அடிகளாரோ நகரிலேயே தங்கினார். அவ்வேளை கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவரது மருமகன், குருவானவர் யோசப் கர்வால்யோ, அவருடன் நின்றார். ஆளில்லாத வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினார்கள். குடிசைகள் போட்டார்கள். காட்டோரங்களில் கிடந்தவர்களைத் தேடிப் போய்க் கொண்டுவந்தார்கள். புண்களைக் கழுவினார்கள். உணவும் நீரும் ஊட்டினார்கள். இறந்தவர்களுக்குத் தாங்களே குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். பிராமண வழியில் பிறந்த ஒருவர், யார் பெற்ற பிள்ளை, எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேளாமல், தொடவும் எவரும் அஞ்சிய உடல்களைத் தூக்கிச் சுமந்தார். ஏறத்தாழ ஓராண்டு இது நடந்தது.

எம்மில் தாதியராகப் பணி செய்யும் சகோதரிமார் இதன் பெறுமதியை எம்மிலும் நன்கு அறிவார்கள். மருந்தே இல்லாத நோயிலும் நீரும் கஞ்சியும் சுத்தமும் சேர்ந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும். காய்ச்சல் தணியும் வரை ஒருவர் அருகில் இருந்தால் பிழைத்துவிடக்கூடியவர்கள் பலர். அந்த ஒருவராக அடிகளார் இருந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் குருவானவர். தன் விசுவாசத்தைப் பற்றி அவர் பேசினார். விரும்பியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இறக்கும் தறுவாயில் அதைப் பெற்றவர்களும் உண்டு. அவர் வெறும் சமூக சேவகர் என்று காட்டுவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. ஆனால் அவர் கொடுத்த தண்ணீருக்கு விலை இருக்கவில்லை. பௌத்தராகவே இருந்து பிழைத்தவர்கள் பௌத்தராகவே வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கிடைத்த கஞ்சியும் கிறிஸ்தவருக்குக் கிடைத்த கஞ்சியும் ஒரே பானையிலிருந்து வந்தன.

அரசனும் அடிகளாரும்

நோய் ஓய்ந்தபின் மன்னனின் மதிப்பு பன்மடங்காயிற்று. எனினும் இரண்டாம் விமலதர்மசூரியன் கிறிஸ்தவனாகவில்லை. தலதா புனித தந்தத்துக்கு மூன்று மாடி மாளிகை எழுப்பியவன் அவனே. நாட்டில் அருகிப்போயிருந்த பிக்குமாரின் உபசம்பதாவை மீட்பதற்கு அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்தவனும் அவனே. தன் சமயத்தை இவ்வளவு போற்றிய ஓர் அரசன், வேறு சமயக் குருவானவர் ஒருவரைத் தன் தலைநகரில் மரியாதையோடு வைத்திருந்தான். தன் விசுவாசத்தில் அசையாத ஒரு குருவானவர், மனம் மாறாத அந்த அரசனின் நாட்டில் நன்றியோடு வாழ்ந்தார். ஒருவரை ஒருவர் மாற்றாமலே ஒருவரை ஒருவர் மதித்தார்கள். இதற்கு முன் இந்நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் இப்படி ஒரு காட்சி அரிது.

1707இல் மன்னன் இறந்தபின் மகன் நரேந்திரசிங்கனும் அடிகளாரிடம் அதே அன்பு பாராட்டினான். கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தார்கள். அவர்களில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் எழுதினார். அந்நியரின் மொழியில் பேசாமல் மக்களின் மொழியிலேயே பேச வேண்டும் என்ற வாஸ் அடிகளாரின் வழி அந்நூல்களில் தொடர்ந்தது. அடிகளாரோ மாறுவேடத்தில் ஒல்லாந்தரின் கொழும்பு, நீர்கொழும்புப் பகுதிகளுக்கும் சென்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைச் சந்தித்து வந்தார். ஆயர் பதவி அவரைத் தேடி வந்தபோது ஏற்கவில்லை.

1711 ஜனவரி 16ஆந் திகதி கண்டியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 59. இலங்கைக்கு வந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள். அவற்றில் ஒருமுறையேனும் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அவரைக் கண்டியிலேயே அடக்கம் செய்தார்கள். சில பதின்ம ஆண்டுகளின் பின், வேறோர் அரசன் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், ஆலயங்கள் அழிந்தன. அடிகளாரின் கல்லறை எங்கே என்று இன்று எவராலும் காட்ட முடியாது.

1995 ஜனவரி 21ஆந் திகதி கொழும்பில் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆந் திகதி, தைப்பொங்கலை ஒட்டிய அந்நாளில், காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதலாவது புனிதர் அவர்.

எமக்கு அவர் விட்டுச் சென்றது

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவிகள் இன்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் குடும்பத்தோடு தமிழகம் சென்று நீலகிரியில் குடியேறியவர்கள் இருக்கிறீர்கள். கொழும்பில் கடையிலும் காரியாலயத்திலும் வேலை செய்கிறீர்கள். மத்திய கிழக்கு நாடுகளில் பிறர் வீட்டுப் பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்கிறீர்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வைத்தியசாலைகளில் இரவுக் கடமை செய்கிறீர்கள். எம்மில் பெரும்பாலோர் இன்று வாழ்வது எம் மொழியும் எம் சமயமும் இல்லாத மனிதர் நடுவில்.

அங்கே எம் விசுவாசத்தை விளக்கிச் சொல்ல எமக்கு மொழி போதாது. பல இடங்களில் அனுமதியும் இல்லை. ஆனால் படுக்கையில் கிடக்கும் முதியவரின் முதுகைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு இரவெல்லாம் விழித்திருக்கும்போது, எம்மை வளர்த்த சமயம் எதுவோ அது அந்த வீட்டில் தெரியத்தான் செய்கிறது. கிறிஸ்தவச் சகோதரிமாருக்கு வாஸ் அடிகளார் காட்டிய பாதை இதுவே. அன்பைத் தூண்டிலாக்கி அதன்பின் மறைந்திருக்கத் தேவையில்லை. கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டாலும் கஞ்சி கொடுக்கலாம். சைவ, பௌத்த, முஸ்லிம் சகோதரிமாருக்கும் அவரது கதையில் பங்குண்டு. சிறைக்கதவைத் திறந்த அரசனும் இளகிய காவலர்களும், யாழ்ப்பாணத்தில் கஞ்சி கொண்டுவந்த பெயர் தெரியாத பெண்மணியும் இல்லாவிட்டால் அடிகளாரின் கதையே இல்லை.

வகுப்பறையில் நாம் கேட்காமல் விட்ட கேள்விக்கு இப்போது ஒருவாறு விடை கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறோம். தோழியின் வீட்டில் அம்மை கண்டு, வாசலில் வேப்பிலை கட்டியிருக்கும் நாளில் யார் உதவிக்கு வருகிறார்கள் என்பதை அவள் மறக்கமாட்டாள். அவளுக்கு நாம் எதைச் சொல்ல விரும்பினாலும் அன்று அவள் பக்கத்தில் இருந்துவிட்டுப் பின்னர் சொல்லலாம்.

நூறாண்டு கடந்த எமது சங்கமும் அவ்வாறே ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கும் சங்கமாகத் தொடர வேண்டும் என்று வேண்டி, உலகெங்கும் வாழும் எம் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் இவ்வரலாற்றைச் சமர்ப்பிக்கிறோம்.